வாடகை ஒப்பந்தமும் பதிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆவணம் எழுதித் தருவது என் தொழில். கிரயப் பத்திரம், செட்டில்மென்ட் என்று வருபவர்களுக்குப் பெரும்பாலும் என்ன வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. வாடகை ஒப்பந்தத்துக்கு வருபவர்களோ, "சும்மா ஒரு அக்ரிமென்ட் போட்டுக் கொடுங்க" என்று சொல்லி அமர்ந்து, எழுந்து போவதற்குள் ஏழெட்டுச் சந்தேகங்களைக் கேட்டுவிடுகிறார்கள். அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டுக்கு உரியவை. முத்திரைத் தீர்வையும் வாடகைச் சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், பெங்களூரில் வீடு பார்ப்பவர் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

1. தெரிஞ்சவங்க வீடுதான். எழுதித்தான் ஆகணுமா, வாய்ப்பேச்சு போதாதா?

நகர்ப்புறங்களில் எழுதித்தான் ஆக வேண்டும். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 22.02.2019 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் உள்ள வீடுகளுக்கும் கடைகளுக்கும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் 4-ஆம் பிரிவு. கிராம ஊராட்சிப் பகுதியில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமே பொருந்தும். ஓராண்டுக்கு மேற்படாத குத்தகையை அங்கே வாய்மொழியாகப் பேசிச் சாவியைக் கொடுத்தாலும் அது செல்லும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நான் பார்த்தவரை, அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தோம் என்பதிலேயே தெரிந்தவர்களுக்குள் தகராறு வந்திருக்கிறது. வீட்டுக்காரர் காலமாகி, பிள்ளைகள் கணக்குக் கேட்கும் நாளில் வாய்ப்பேச்சுக்குச் சாட்சி சொல்ல ஆளிருக்காது. தெரிந்தவர் என்பதாலேயே எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் ஒருவரை ஒருவர் சந்தேகிக்க வேண்டியிராது.

2. அதென்ன எல்லாரும் பதினொரு மாசம்னே எழுதறாங்க?

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17-ஆம் பிரிவில், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையையும், ஆண்டுக்கு ஆண்டு தொடரும் குத்தகையையும், ஆண்டு வாடகை குறிப்பிட்ட குத்தகையையும் கட்டாயமாகப் பதிவு செய்யச் சொல்கிறது. ஓராண்டு எல்லைக்குள் ஐயமின்றி நிற்பதற்காக ஒரு மாதத்தைக் குறைத்து எழுதும் வழக்கம் இப்படித்தான் வந்தது. பதினொரு மாதம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

3. பதினொரு மாச ஒப்பந்தத்தையும் பதிவு பண்ணணும்னு ஒருத்தர் சொல்றார், வேண்டாம்னு ஒருத்தர் சொல்றார். எது சரி?

இருவரும் சொல்வது சரிதான். ஆனால் அவர்கள் பேசுவது இரண்டு வெவ்வேறு பதிவுகளைப் பற்றி. சார்பதிவாளர் அலுவலகத்தில், முத்திரைத் தீர்வையும் கட்டணமும் செலுத்தி, கைரேகை வைத்துப் பதிவது ஒன்று. மேலே சொன்ன பதிவுச் சட்டத்தின்படி, பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு அது கட்டாயமில்லை. இரண்டாவது, 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாடகை அதிகாரியிடம் பதிவது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஒருவர் ஒவ்வொரு பகுதிக்கும் வாடகை அதிகாரியாக நியமிக்கப்பட்டிருக்கிறார். காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நகர்ப்புற வாடகை ஒப்பந்தம் அவரிடம் பதியப்பட வேண்டும். இதற்கென அரசு தனி இணையதளம் வைத்திருக்கிறது. இரு தரப்பாரின் அடையாள விவரங்களையும் ஒப்பந்தத்தின் நகலையும் அதில் ஏற்றினால் ஒரு பதிவு எண் கிடைக்கும்.

பெரும்பாலோர் இரண்டாவதைச் செய்வதே இல்லை என்பது உண்மை. அதனால் உடனே அபராதம் எதுவும் வந்து கதவைத் தட்டுவதில்லை. ஆனால் அப்படிப் பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது என்று அதே சட்டம் கூறுகிறது. தகராறு வந்த பிறகு பதிவு எண்ணைத் தேடி ஓடுவதைவிட, கையெழுத்திட்ட வாரத்திலேயே பதிந்துவிடுவது நல்லது.

4. நோட்டரி சீல் வாங்கிட்டேன். அதுவே பதிவுதானே?

இல்லை. கையெழுத்திட்டவர் இன்னார்தான், இன்ன தேதியில் என் முன்னிலையில் இட்டார் என்பதற்கு மட்டுமே நோட்டரி சான்று தருகிறார். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எத்தனை நோட்டரி முத்திரை இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பதியப்படாத ஆவணம்தான்.

5. எத்தனை ரூபாய் பத்திரத்துல எழுதணும்? வீட்டுல பழைய இருபது ரூபாய் பத்திரம் இருக்கு, அது காலாவதி ஆயிடுச்சா?

முதலில் பழைய பத்திரத்தைப் பற்றி. முத்திரைத்தாள் ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்குத்தான் முத்திரைச் சட்டம் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. பழைய தாளில் ஆவணம் எழுதுவதற்குத் தடையில்லை என்று, தமிழ்நாட்டிலிருந்து போன திருவேங்கடப் பிள்ளை எதிர் நவநீதம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவுபடுத்தியது. ஆனால் தாள் வாங்கிய தேதிக்கு முந்தைய தேதியை இட்டு எழுதக் கூடாது. அது ஒப்பந்தத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

மதிப்பைப் பொறுத்தவரை, பொதுவான உடன்படிக்கைகளுக்கு இருந்த 20 ரூபாய்த் தீர்வை 2024 மே மாதம் முதல் 200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதனால் இப்போது இருநூறு ரூபாய்த் தாளில் எழுதுவது வழக்கமாகியிருக்கிறது. கண்டிப்பாகப் பார்த்தால் வாடகை ஒப்பந்தமும் ஒரு குத்தகை ஆவணமே. முப்பது ஆண்டுகளுக்குக் குறைந்த குத்தகைக்கு மொத்த வாடகை முதலியவற்றின் மேல் 1 சதவீதம் தீர்வை என்பதே தமிழ்நாட்டின் விகிதம். குறைந்த முத்திரையில் எழுதிய ஆவணம் நீதிமன்றத்துக்குப் போனால், குறைந்த தொகையையும் அதன்மேல் பத்து மடங்கு வரை தண்டத்தையும் கட்டாமல் அது சான்றாக ஏற்கப்படாது. மாத வாடகை பெரிதாக உள்ள இடங்களில் இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டு முழுத் தீர்வையையும் செலுத்தும்படி நான் சொல்வதுண்டு.

6. மூணு வருஷத்துக்கு எழுதிப் பதிவு பண்ணினா எவ்வளவு செலவாகும்?

மாதம் 20,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தாறு மாதத்துக்கு 7,20,000 ரூபாய். முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதாவது 7,200 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், இன்னொரு 7,200 ரூபாய்; இதற்கு 20,000 ரூபாய் என்ற உச்சவரம்பு உண்டு. இடையில் வாடகை உயர்வு எழுதியிருந்தால் உயர்ந்த தொகையைக் கொண்டே கூட்ட வேண்டும். முன்பணத்தை எந்த வாசகத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதுவும் கணக்கில் சேரக்கூடும். இந்தச் செலவை யார் ஏற்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பாதிப் பாதி என்பதுதான் நான் அதிகம் பார்த்த ஏற்பாடு.

கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மேலும் நான்கு மாதம் வரை தண்டத்தோடு அனுமதி கேட்கலாம். அதற்குப் பின் வழியில்லை. புதிதாகத்தான் எழுத வேண்டும்.

7. பதிவுக்குப் போகும்போது என்னென்ன கொண்டுபோகணும்?

வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் நேரில் வர வேண்டும். அடையாளம் காட்ட இரண்டு சாட்சிகள் வேண்டும். நால்வருக்கும் ஆதார் போன்ற அடையாள அட்டை, இரு தரப்பாரின் பான் எண், சொத்து வீட்டுக்காரருடையதுதான் என்று காட்டும் பத்திரம், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு எண் ஆகியவை தேவை. முன்பதிவை இணையத்தில் செய்துகொண்டு போனால் காத்திருக்கும் நேரம் குறையும்.

8. மாதிரிப் படிவத்துல பேரையும் தொகையையும் மட்டும் மாத்தினா போதாதா?

போதாது என்பதே என் உறுதியான கருத்து. என்னிடம் தகராறோடு திரும்பி வந்த ஒப்பந்தங்களை எடுத்துப் பார்த்தால் வாடகைத் தொகையிலோ முகவரியிலோ பிழை இருந்ததே இல்லை. பேசியது ஏதோ ஒன்று எழுதப்படாமல் விடுபட்டிருக்கும். மொட்டை மாடியைத் துணி காயவைக்கப் பயன்படுத்தலாமா, இரண்டாவது வண்டியை எங்கே நிறுத்துவது, அடுக்ககப் பராமரிப்புக் கட்டணம் யாருடையது, ஆறு மாதத்திலேயே காலி செய்தால் என்ன ஆகும் என்பவை அச்சடித்த படிவத்தில் இருக்காது.

தரப்பார் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, நிரந்தர முகவரி ஆகியவை முதலில் வர வேண்டும். சொத்தை "முதல் மாடி" என்று மட்டும் எழுதாமல் கதவு எண், தளம், கிழக்குப் பக்கமா மேற்குப் பக்கமா, எத்தனை அறை, எந்த நிறுத்துமிடம் என்று பார்க்காதவருக்கும் விளங்கும்படி விவரிக்க வேண்டும். தொடங்கும் நாள், முடியும் நாள், வாடகை செலுத்த வேண்டிய தேதி, செலுத்தும் வங்கிக் கணக்கு, முன்பணம் எந்தத் தேதியில் எந்த வழியில் கொடுக்கப்பட்டது, யார் எத்தனை மாத அறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்பவை அடுத்து வரும். வீட்டோடு கொடுக்கும் மின்விசிறி, ஏசி, கீசர், அலமாரி, சாவிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் பட்டியலாக இணைத்து, அந்தப் பட்டியலிலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். குடிவரும் நாளன்றே சுவர், தரை, குழாய் எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து இருவரும் பகிர்ந்துகொண்டால், காலி செய்யும் நாளில் பேச்சு குறையும்.

எழுதியபின் ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு அசல்களாகத் தயாரித்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். "அசல் என்கிட்ட இருக்கட்டும், உங்களுக்கு ஜெராக்ஸ் தர்றேன்" என்பதை ஏற்க வேண்டாம்.

9. பத்து மாச அட்வான்ஸ் கேட்கறாங்க. சட்டத்துல மூணு மாசம்தானே?

மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது 2017 சட்டத்தின் 11-ஆம் பிரிவு. ஆனால் "மாறான உடன்பாடு இருந்தாலொழிய" என்ற சொற்களும் அதே பிரிவில் இருக்கின்றன. நீங்களே பத்து மாதத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், பின்னர் சட்டத்தைக் காட்டி மீதியைக் கேட்பது எளிதல்ல. ஆகவே இந்தப் பிரிவைப் பேரம் பேசும்போது பயன்படுத்துங்கள். கையெழுத்திட்ட பிறகு அது அவ்வளவாக உதவாது.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. சாவியை ஒப்படைக்கும்போதே முன்பணம் தரப்படும் என்று எழுதிக்கொள்வது குடியிருப்பவருக்கு மேலும் நல்லது. அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க அவர் இந்தப் பணத்தைத்தான் நம்பியிருப்பார்.

10. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்கணும்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கறாங்க. அது நியாயமா?

இந்தக் கேள்வி வாரம் ஒருமுறையாவது என்னிடம் வருகிறது. சட்டத்தின் இரண்டாவது அட்டவணை பழுதுபார்க்கும் பொறுப்பை இரண்டாகப் பிரித்திருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு, சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், மின் கம்பியமைப்பு ஆகியவை வீட்டுக்காரரின் பொறுப்பு. வடிகாலைத் துப்புரவாக வைத்தல், குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், பூட்டு, கைப்பிடி, உடைந்த சன்னல் கண்ணாடி, தோட்டப் பராமரிப்பு ஆகியவை குடியிருப்பவரின் பொறுப்பு. ஆக, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, இயல்பான புழக்கத்தால் மங்கிய சுவருக்கு வண்ணமடிக்கும் செலவு வீட்டுக்காரருடையது.

ஆனால் புழக்கத்தில் உள்ள படிவங்களில் பெரும்பாலானவற்றில், "காலி செய்யும்போது வண்ணம் பூசுவதற்காக ஒரு மாத வாடகை கழித்துக்கொள்ளப்படும்" என்ற வரி இருக்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை. ஐந்து ஆண்டு இருந்தவருக்கும் எட்டு மாதம் இருந்தவருக்கும் ஒரே தொகையைப் பிடிப்பது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. அந்த வரியை எடுக்க வீட்டுக்காரர் இசையாவிட்டால், இத்தனை மாதத்துக்கு மேல் குடியிருந்தால் மட்டும், உண்மையான செலவுக்கான ரசீதைக் காட்டி, ஒரு மாத வாடகைக்கு மிகாமல் கழிக்கலாம் என்று மாற்றி எழுதச் சொல்கிறேன். இதற்கு மறுப்புச் சொன்ன வீட்டுக்காரர்கள் மிகச் சிலரே.

11. கரண்டுக்கு யூனிட் பத்து ரூபாய் கேட்கறாங்க. நூறு யூனிட் இலவசம் எனக்குக் கிடையாதா?

வீட்டு மின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். உங்கள் பகுதிக்குத் தனி இணைப்பு இருந்தால் அந்தச் சலுகை பட்டியலிலேயே கழிந்து வரும். பட்டியல் தொகையை மட்டும் நீங்கள் நேரடியாகச் செலுத்தினால் போதும். ஒரே இணைப்பிலிருந்து துணை மீட்டர் வைத்துப் பிரித்துக் கொடுத்திருந்தால்தான் இந்தப் பிரச்சினை எழுகிறது. வீடு பார்க்கும்போதே மின் இணைப்பு எண்ணைக் கேட்டு, தனி இணைப்பா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். எண்ணையும், குடிவந்த நாளின் மீட்டர் அளவையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

12. வருஷா வருஷம் வாடகையை ஏத்தலாமா?

ஒப்பந்தத்தில் எழுதியபடி ஏற்றலாம். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை 5 அல்லது 10 சதவீதம் என்று எழுதுவது வழக்கம். "அவ்வப்போது நிலவும் சந்தை வாடகைப்படி" என்று எழுதாதீர்கள். சந்தை வாடகை எது என்பதில்தான் சண்டையே வரும். முதல் ஆண்டு இவ்வளவு, இரண்டாம் ஆண்டு இவ்வளவு என்று ரூபாயிலேயே எழுதிவிடுவது எல்லாவற்றிலும் சிறந்தது.

13. எட்டு லட்சம் கொடுத்தா மூணு வருஷம் வாடகையே இல்லாம இருக்கலாம்னு சொல்றாங்க. இதுவும் வாடகை ஒப்பந்தம்தானா?

பேச்சு வழக்கில் லீஸ், போக்கியம், ஒத்தி என்று ஊருக்கு ஊர் ஒரு பெயர் இதற்கு உண்டு. பணத்தைக் கொடுத்துவிட்டு, வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவித்து, முடிவில் முழுப் பணத்தையும் திரும்பப் பெறும் ஏற்பாடு சட்டப்படி பெரும்பாலும் சுவாதீன அடமானம். அதாவது வீட்டுக்காரர் கடன் வாங்கியவர், நீங்கள் கடன் கொடுத்தவர். நூறு ரூபாய்க்குக் குறையாத இத்தகைய அடமானம் சாட்சிகளோடு பதிவு செய்யப்பட்டால்தான் செல்லும். தமிழ்நாட்டில் இதற்குக் கடன் தொகையில் 4 சதவீதம் முத்திரைத் தீர்வை. எட்டு லட்சத்துக்கு 32,000 ரூபாய். இந்தச் செலவுக்குப் பயந்துதான் பலர் இதையும் பதினொரு மாத வாடகை ஒப்பந்தமாக எழுதிக்கொள்கிறார்கள். அப்படி எழுதியவர்களில் எல்லாவற்றையும் இழந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு குடும்பம் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தைப் போக்கியத்துக்குக் கொடுத்து, வெறும் கையெழுத்துத் தாளோடு குடிபுகுந்தது. அந்த வீடு ஏற்கெனவே வங்கிக் கடனில் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. தவணை நின்று, கடன் பாக்கிக்காக அடமானச் சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள வகைசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் வங்கி அறிவிப்பை ஒட்டியபோதுதான் என்னிடம் வந்தார்கள். வங்கியின் உரிமை முந்தியது; இவர்களிடமோ பதிவு செய்த ஆவணமே இல்லை. வீட்டை விட வேண்டியதாயிற்று. பணத்தை வீட்டுக்காரரிடம் தனியே வழக்குப் போட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது.

ஆகவே போக்கியத்துக்கு வீடு எடுப்பவர் வீடு வாங்குபவரைப் போலவே விசாரிக்க வேண்டும். குறைந்தது முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்று எடுங்கள். அசல் தாய்ப்பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். நகலை மட்டும் காட்டினால் அசல் வங்கியில் இருக்கலாம். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பதிவுக்கு வீட்டுக்காரர் மறுத்தால், அந்த வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

14. கடைக்கு எடுக்கறேன். வீட்டுக்கு எழுதற மாதிரியே எழுதலாமா?

அடிப்படை ஒன்றுதான் என்றாலும் கடைக்குச் சில கூடுதல் வரிகள் கட்டாயம் வேண்டும். என்ன தொழில் என்பதைக் குறிப்பாக எழுத வேண்டும். உணவகத்துக்கும் துணிக்கடைக்கும் கட்டடத்தின் மேல் விழும் சுமை வேறு. வீட்டு இணைப்பில் கடை நடத்த முடியாது. வணிகக் கட்டணத்துக்கு மாற்றுவது யார் பொறுப்பு என்று எழுத வேண்டும். பெயர்ப்பலகை வைக்கும் இடம், உரிமம் பெறவும் ஜிஎஸ்டி பதிவு பெறவும் வீட்டுக்காரர் தரவேண்டிய சம்மதக் கடிதமும் சொத்து வரி ரசீதும், உள்ளே நீங்கள் செய்யும் மர வேலையைக் காலி செய்யும்போது எடுத்துச் செல்லலாமா என்பவையும் அப்படியே.

முக்கியமானது காலம். கடை நடத்துபவர் முதல் ஆண்டு செலவழித்து, இரண்டாம் ஆண்டில்தான் வாடிக்கையாளரைப் பிடிப்பார். பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பி ஐந்து லட்சத்துக்கு அலங்காரம் செய்வது ஆபத்து. குறைந்தது மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு எழுதி, இத்தனை காலம் வரை இருவரும் முடித்துக்கொள்ள முடியாது என்ற நிபந்தனையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். செலவுக் கணக்கை 6-ஆம் பதிலில் பார்க்கலாம். வணிக வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வீட்டுக்காரர் பதிவு பெறாதவராகவும் கடைக்காரர் வழக்கமான முறையில் பதிவு பெற்றவராகவும் இருந்தால், 10.10.2024 முதல் அந்த வரியைக் கடைக்காரரே நேரடியாகச் செலுத்த வேண்டும். சொன்ன வாடகை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்பதை ஒரு வரியில் தெளிவாக்குங்கள்.

15. வாடகையிலிருந்து வருமான வரி பிடிக்கணுமாமே?

மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுப்பவர், தணிக்கைக்கு உட்படாத தனிநபராகவே இருந்தாலும், 2 சதவீதம் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். 2024 அக்டோபருக்கு முன் இது 5 சதவீதமாக இருந்தது. வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை கேட்பவர், ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைத் தர வேண்டும். ஆகவே ஒப்பந்தத்திலேயே அந்த எண்ணைக் கேட்டு வாங்குவதில் தயக்கம் வேண்டாம்.

16. வீட்டுக்காரர் அமெரிக்காவுல இருக்கார். அவர் தம்பி கையெழுத்துப் போடறேன்னு சொல்றார். செல்லுமா?

தம்பியிடம் அதிகாரப் பத்திரம் இருந்தால் செல்லும். தம்பி என்ற உறவு மட்டும் போதாது. வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்று பெற்று, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கு முத்திரையிடப்பட வேண்டும். வாடகைக்கு விடவும், முன்பணம் பெறவும், ஒப்பந்தத்தைப் பதியவும் அதில் வெளிப்படையாக அதிகாரம் தந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

இங்கே குடியிருப்பவர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் வருமான வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவராக இருந்தால், 15-ஆம் பதிலில் சொன்ன 50,000 ரூபாய் வரம்பும் 2 சதவீதமும் பொருந்தாது. வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்துச் செலுத்துவது குடியிருப்பவரின் கடமை. வீட்டுக்காரர் குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித் துறையிடம் பெற்றுத் தரலாம். தம்பியின் கணக்குக்கு வாடகை போவதால் இந்தக் கடமை நீங்கிவிடாது.

17. ஒப்பந்தம் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. புதுசா எழுதவும் இல்லை, காலி பண்ணவும் இல்லை. என் நிலைமை என்ன?

2017 சட்டத்தின்படி, பழைய நிபந்தனைகளோடு மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகையாக அது கொள்ளப்படும். ஆனால் அதிகபட்சம் ஆறு மாதத்துக்குத்தான். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் எழுதிவிடுங்கள். வாடகை முறையாக முடிவுக்கு வந்த பிறகும் வெளியேறாதவர் முதல் இரண்டு மாதத்துக்கு இரு மடங்கும் அதன்பின் நான்கு மடங்கும் வாடகையை இழப்பீடாகத் தர நேரும் என்று சட்டம் கூறுகிறது.

18. மூணு வருஷத்துக்கு எழுதிட்டுப் பதிவு பண்ணாம விட்டுட்டோம். இப்ப தகராறு. அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லையா?

மூன்றாண்டு உரிமையை நிலைநாட்டும் சான்றாக அதைக் காட்ட முடியாது. ஆனால் நீங்கள் அத்துமீறி நுழைந்தவர் ஆகிவிட மாட்டீர்கள். பதியாத ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்றைப் பற்றிய ஆந்தணி எதிர் இட்டூப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில், ஆவணம் தோற்றாலும் வீட்டை ஒப்படைத்ததும் வாடகை வாங்கியதும் ஒரு வாடகை உறவை ஏற்படுத்திவிடுகின்றன என்று சொன்னது. அது மாதத்துக்கு மாதம் தொடரும் உறவுதான். மீதிக் காலம் முழுவதும் இருப்பேன் என்று குடியிருப்பவரோ, மீதிக் காலத்துக்கு வாடகை கொடு என்று வீட்டுக்காரரோ வற்புறுத்த முடியாமல் போவதுதான் உண்மையான இழப்பு.

19. நான் குடியிருக்கும்போதே வீட்டை வித்துட்டாங்க. புது ஓனர் என்னைக் காலி பண்ணச் சொல்லலாமா, என் அட்வான்ஸ் யார்கிட்ட?

சொத்து மாற்றச் சட்டத்தின் 109-ஆம் பிரிவின்படி, வாங்கியவர் பழைய வீட்டுக்காரரின் இடத்துக்கு வருகிறார். உங்கள் ஒப்பந்தக் காலம் அவரையும் கட்டுப்படுத்தும். அட்வான்ஸ் விஷயத்தில்தான் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். விற்பனை நடப்பது தெரிந்தவுடன், முன்பணம் கிரயத் தொகையில் கழிக்கப்பட்டுப் புதியவரின் பொறுப்பாகிவிட்டது என்று மூவரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை வாங்கிவிடுங்கள். இயன்றால் புதியவரோடு புது ஒப்பந்தமே எழுதுங்கள். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை புதியவருக்கு வாடகை கொடுக்கத் தொடங்க வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. உரிமை மாறியதற்கு எழுத்து அறிவிப்பு வந்தபின் வாடகையை நிறுத்தினால் நீங்கள் பாக்கிதாரர் ஆகிவிடுவீர்கள்.

20. ஆறு மாசமா வாடகை தரலை. கரண்டை நிறுத்திப் பூட்டுப் போட்டா என்ன?

போடக் கூடாது. வாடகை பாக்கி இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்துவதை 2017 சட்டம் தடுக்கிறது. குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால் உடனே திருப்பித் தரும்படி உத்தரவு வரும், இழப்பீடும் சேரலாம். பழுது பார்ப்பதற்காக உள்ளே வருவதற்கே 24 மணி நேர முன்னறிவிப்பு வேண்டும் என்று சொல்லும் சட்டம் பூட்டுப் போடுவதை ஏற்காது.

உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி நின்றாலே, தேதி வாரியாகத் தொகையைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்பு அறிவிப்பை, ஒப்புகை கிடைக்கும்படி விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டாவிட்டால், வீட்டைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். சொந்தத் தேவை, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், வேறு தொழிலுக்குப் பயன்படுத்துதல் ஆகியவையும் அதே பிரிவில் காரணங்களாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. மனுவோடு எழுத்து ஒப்பந்தம், 3-ஆம் பதிலில் சொன்ன பதிவு எண், வங்கிக் கணக்கு விவரம், அறிவிப்பின் நகல், அஞ்சல் ரசீது ஆகியவற்றை இணைக்க வேண்டும். வாடகையை ரொக்கமாக வாங்கி ரசீது தராமல் இருந்த வீட்டுக்காரருக்கு இங்கேதான் சிக்கல் வருகிறது. எந்த மாதம் வரை வந்தது, எந்த மாதத்திலிருந்து நின்றது என்பதை அவர் சொல்வதைத் தவிர வேறு எதுவும் காட்ட இருக்காது.